தேடிச் செல்லும் தருமம்

நோயுற்றவன் அருகே செல்வது தருமமா, அவனை விட்டு விலகி நிற்பது தருமமா? முன்னொரு காலத்தில் ஒருவர் இவ்வாறு வினவியிருந்தால், வினவியவருடைய நெஞ்சின் ஈரத்தைப் பற்றியே நமக்கு ஐயம் எழுந்திருக்கும். பசித்தவனுக்கு ஒரு பிடி அன்னம், பிணியாளனுக்கு அருகிருந்து செய்யும் பணிவிடை, உயிர் நீத்தவனுக்கு நால்வர் தோள் என்பன வழிவழியாக வந்த ஒழுக்கங்கள். அவற்றில் விவாதத்துக்கு இடமிருந்ததில்லை. ஆயினும் 2020ஆம் ஆண்டு அந்த வினாவை ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

அவ்வாண்டு ஜனவரி 30ஆம் தேதி பாரத தேசத்தில் கொரோனாத் தொற்று முதன்முதலாகக் கேரளத்தில் கண்டறியப்பட்டது. மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதனைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பேருந்தும் ரயிலும் நின்றன; சந்தைகள் மூடின; ஆலயக் கதவுகளும் பக்தர்களுக்கு அடைக்கப்பட்டன. உள்ளே நித்திய திருவாராதனம் நடந்தது. தீர்த்தம் பெறக் கை நீட்டுவார் ஒருவரும் இலர். ‘விலகி இரு’ என்பதே அந்நாளின் விதி ஆயிற்று.

அந்த விதியைப் பழிப்பது அடியேன் கருத்தன்று. தன் மூச்சே பிறர்க்கு நஞ்சாகக் கூடும் என்று அறிந்தவன் ஒதுங்கி நிற்பது அஹிம்ஸையின் ஒரு வடிவமே. ஆனால் ஒதுங்கி நிற்பது யாருக்கு இயலும்? குதிரில் நெல்லும், மாதம் பிறந்தால் சம்பளமும் உடையவனுக்கு இயலும். அன்றாடம் உழைத்து அன்றாடம் உலை வைப்பவனுக்கோ விலகி இருத்தல் என்பது பட்டினி இருத்தலின் மறுபெயர். ஆகவே உண்மையில் ஆராய வேண்டிய வினா வேறு. உடலால் விலகி நிற்க வேண்டிய காலத்தில் உதவியால் அணுகி நிற்பது எவ்வாறு? எளியோர்க்குச் செய்யும் உதவி தருமம் என்னும் பெயரைப் பெறுவதற்கு அதன்பால் இருக்க வேண்டிய இலக்கணம் யாது? ஆஸ்திக அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

மலையும் தொலைவும்

நம் கண்ணெதிரே நிற்கும் கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன என்பது யாவரும் அறிந்ததே. மேலே வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்றவாறு ‘நாடு’ என்னும் பெயர் தாங்கிய ஊராட்சிகளில் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். அப்பெயர் கேரள தேசத்தாரைக் குறிப்பதன்று. மலையை ஆள்பவர் என்று அதற்குப் பொருள் கூறுவர். காஞ்சியிலிருந்து வந்து மலையேறிய குடியினர் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுரை.

முற்காலத்தில் இம்மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்துச் சேர்த்து வைத்து உண்டனர். கடந்த சில பத்தாண்டுகளில் அந்நிலங்களில் பெரும்பகுதியை மரவள்ளிக் கிழங்கு பிடித்துக்கொண்டது. கிழங்கு சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. அதற்கு ஈடாகக் காசு மேலேறுகிறது. அக்காசைக் கொடுத்து அரிசி வாங்கப்படுகிறது. மிளகும் காப்பியும் பலாவும் வாழையும் அன்னாசியும் அவ்வாறே கீழிறங்கிக் காசாக வேண்டியவை. இத்தகைய வாழ்வில் சந்தை மூடிப் பேருந்து நின்றால் விளைவு என்னாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விளைந்தது மேலேயே தங்கும். வேண்டியது கீழேயே தங்கும்.

தொலைவு நோயைச் சிறிது தாமதப்படுத்தும் என்பது உண்மை. அது உதவியையும் தாமதப்படுத்தும். ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. நோய் மேலேறுவதற்கு ஓர் ஆள் ஏறினால் போதும். உதவி ஏறுவதற்கோ மூட்டை ஏற வேண்டும், மருந்து ஏற வேண்டும், மருத்துவர் ஏற வேண்டும். ஏறிய பின்னும் ஒற்றையடிப் பாதையில் குக்கிராமந்தோறும் நடக்க வேண்டும்.

ஆதலால் ஆபத்துக் காலத்தில் வலுவற்றோர் எனப்படுவோர் வறியோர் மட்டும் அல்லர். உதவி வந்து எட்டாத தூரத்தில் இருப்பவர் யாவரும் வலுவற்றோரே. அந்தத் தூரம் மலையால் வரலாம், முதுமையால் வரலாம், எழுத்தறியாமையால் வரலாம், பட்டியலில் பெயரின்மையால் வரலாம், வாய்விட்டுக் கேட்பதற்கு நாணுவதாலும் வரலாம். பட்டணத்தின் நடுத்தெருவில், மாடியறையில் தனித்துக் கிடந்த ஒரு மூதாட்டிக்கும் நமக்கும் இடையே 70 வளைவுகள் இருந்தன என்றே கொள்ள வேண்டும்.

மேருவின் பொன்

எம்பெருமானுடைய குணங்களைப் பேசும்போது நம் பூர்வாசாரியர்கள் பரத்வம், ஸௌலப்யம் என்னும் இரண்டினை இணைத்தே பேசுவர். பரத்வம் என்பது எவர்க்கும் எட்டாத மேன்மை. ஸௌலப்யம் என்பது எவர்க்கும் எட்டும் எளிமை. மேருமலை பொன்னால் ஆனது என்பர்; எட்டாத பொன்னால் ஏழைக்கு என்ன பயன்? மண்ணாங்கட்டி காலடியிலேயே கிடக்கிறது. எட்டினும் அதனால் என்ன பயன்? மேன்மையும் இருந்து, அம்மேன்மை இறங்கி வந்து கைக்கும் எட்டினால்தான் அது சரணமாகும் என்பது பெரியோர் காட்டும் வழி.

கஜேந்திரனுடைய வரலாற்றை நோக்குக. முதலையின் வாயில் அகப்பட்ட அந்த ஆனை கரையேறித் தன்னிடம் வரட்டும் என்று எம்பெருமான் காத்திருக்கவில்லை. அது வரக்கூடுமாயின் கூப்பிட்டிருக்கவே வேண்டா. தானே இறங்கினான், அதுவும் விரைந்து இறங்கினான். பராசர பட்டர் ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தில் அப்போது எம்பெருமான் கொண்ட த்வரைக்கே, அதாவது அந்த வேகத்துக்கே, வணக்கம் செலுத்துகிறார். காத்தான் என்பதோடு அமையாமல், தேடி வந்து காத்தான், காலம் தாழாமல் காத்தான் என்பதிலேயே பட்டருடைய திருவுள்ளம் ஈடுபட்டது.

உதவிக்கும் இதுவே இலக்கணம் எனக் கொள்ளலாம். பண்டகசாலையில் லட்சம் மூட்டை அரிசி இருப்பது பரத்வம். அதில் ஒரு மூட்டை மலைமேல் கடைசிக் குடிசைக்கு உரிய நாளில் வந்து சேர்வது ஸௌலப்யம். பின்னது இல்லையேல் முன்னது மேருவின் பொன்னே.

தூரத்தையே சோதனையாக்கிய காலம்

இதற்கு நேர்மாறான ஒரு கொள்கையும் நம் மண்ணில் ஒருகால் நடைமுறையில் இருந்தது. 1876–77ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டனார்கள் தம் பாட்டனார் வாயிலாகக் கேட்டிருந்தனர். இம்மலை அடங்கிய அந்நாளைய சேலம் ஜில்லா அப்பஞ்சத்தில் கடுமையாக அடிபட்டது. 1871ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இருந்த மக்கள்தொகையைவிட 1881இல் இருந்த தொகை குறைந்திருந்தது என்றால் அழிவின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்துவதற்காக ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி சென்னை ராஜதானிக்கு அனுப்பப்பட்டார். உடலுழைப்பு செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறிது காசும் என்று கூலி குறைக்கப்பட்டது. சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இவ்வளவு உணவில் உழைக்கும் உடல் நிலைக்காது என்று வாதிட்டார்.

அக்கால நிவாரண முறையில் இன்னொன்றும் இருந்தது. பசித்தவன் தன் ஊருக்கருகே வேலை பெற இயலாது. பத்து மைலுக்கு அப்பால் உள்ள முகாமுக்கு நடந்து செல்ல வேண்டும். உண்மையிலேயே பசித்தவன் நடந்து வருவான், பொய்ப்பசிக்காரன் வரமாட்டான் என்பது அதன் தத்துவம். தூரத்தையே ஒரு சல்லடையாக அமைத்துவிட்டனர். அந்தச் சல்லடையில் கழிந்து விழுந்தவர் பொய்யர் அல்லர் என்பதை விளக்க வேண்டுமோ? நடக்க மாட்டாத அளவுக்கு மெலிந்தவரே முதலில் கழிந்தனர். பசி மிகுந்தவனை ஒதுக்கி, சற்றே வலுவுள்ளவனைத் தேர்ந்தெடுக்கும் முறையை உதவி என்று எவ்வாறு சொல்வது?

அந்த அரசு போயிற்று. அந்தச் சட்டங்களும் போயின. ஆயினும் ‘வேண்டுமானால் வரட்டுமே’ என்னும் சொல் இன்னும் நம் நாவில் இருக்கிறது. அதனைச் சொல்லும்போதெல்லாம் நாமும் அந்தப் பத்து மைலை அளந்து வைக்கிறோம் என்பதை உணர வேண்டும்.

அண்மையில் கண்டவை

பெருந்தொற்றின்போது நம் நாட்டில் செய்யப்பட்ட உதவி சிறிதன்று. 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்குத் தலா 1,000 ரூபாயும், விலையின்றி அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கப்பட்டன. அம்மாதம் முதலே மத்திய அரசின் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. சிறிது இடைவெளியுடன் அத்திட்டம் 2022 டிசம்பர் வரை நீடித்தது. இரண்டாம் அலை வீசிய 2021ஆம் ஆண்டில் அட்டை ஒன்றுக்கு இரு தவணைகளில் 4,000 ரூபாயும் 14 வகை மளிகைப் பொருள்களும் தரப்பட்டன. அதே ஆண்டு மே மாதத்தில் திருக்கோயில்களின் அன்னதானக் கூடங்களில் உணவுப் பொட்டலங்கள் கட்டி மருத்துவமனைகளுக்கு அனுப்பினர். வாசல் மூடியிருந்தபோதும் மடைப்பள்ளி மூடவில்லை என்பது நினைக்குந்தோறும் நெஞ்சை நிறைக்கும் செய்தி.

ஆயினும் தூரம் எங்கெங்கே குறுக்கிட்டது என்பதையும் காண வேண்டும். வேலை தேடி வெளியூர் சென்ற தொழிலாளியின் குடும்ப அட்டை அவனுடைய ஊர்க் கடையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஊரடங்கில் அவன் ஓரிடத்தில் சிக்கினான். அவனுடைய அரிசி வேறோரிடத்தில் இருந்தது. எந்த ஊர்க் கடையிலும் பெறலாம் என்னும் முறை தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 முதலே நடைமுறைக்கு வந்தது. அதுபோலவே 2021 மே மாதத்தில் 18 முதல் 44 வயதினர்க்குத் தடுப்பூசி தொடங்கியபோது, கைப்பேசி வழியாக இணையத்தில் முன்பதிவு செய்தோர்க்கே ஊசி என்று முதலில் விதிக்கப்பட்டது. கைப்பேசியில் அலைவரிசை கிடைக்காத மலைக்கிராமத்தானும், எழுத்தறியாத கூலியாளும் என் செய்வர் என்று உச்ச நீதிமன்றமே வினவிற்று. பின்னர் நேரில் வருவோர்க்கும் பதிவின்றி இடும் முறை படிப்படியாக வந்தது. பழைய பத்து மைல், புதிய காலத்தில் இணையத்தின் வடிவில் வந்து நின்றது என்றே தோன்றுகிறது. இம்முறை வகுத்தவர் எவரையும் வதைக்க எண்ணியவர் அல்லர். எண்ணாமலேயே தூரம் முளைத்துவிடும் என்பதுதான் இதில் நாம் கற்கவேண்டிய பாடம்.

தூரத்தைக் குறைக்க முனைந்த செயல்களும் உண்டு. மலைப்பகுதிகளையும் கடைக்கோடி ஊர்களையும் கருதி 2020 செப்டம்பரில் நகரும் நியாயவிலைக் கடைகள் தொடங்கப்பட்டன. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டமும், அதே ஆண்டு அக்டோபரில் பள்ளி இழந்த குழந்தைகளுக்காக ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டமும் தொடங்கப்பட்டன. ‘தேடி’ என்னும் ஒரு சொல் இரண்டு பெயர்களிலும் அமைந்திருப்பது காண்க. நோய் நமக்குக் கற்பித்த சொல் அதுவே. அச்சொல்லைக் காலில் ஏற்றிக்கொண்டு நடந்தவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரும், கடைப் பணியாளரும், தூய்மைப் பணியாளரும் ஆவர். உற்றாரும் அஞ்சி ஒதுங்கிய வாசற்படியில் அவர்கள் நின்றனர்.

ஏற்பவனும் ஒரு காரகம்

தேடிச் சென்று கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? கொடுக்கும் முறை என்ற ஒன்று உண்டன்றோ? வடமொழி வியாகரணத்தில் ஒரு செயல் நிறைவேறுவதற்குத் துணைபுரியும் அங்கங்களைக் காரகங்கள் என்பர், அவை ஆறு. செய்பவன் ஒரு காரகம். கொடுத்தல் என்னும் செயலில் கொடுக்கப்படுகிறவனும் ஒரு காரகம். அவனுக்கு ஸம்ப்ரதானம் என்று பாணினி முனிவர் பெயரிட்டார். ஏற்பவன் செயலுக்கு வெளியே கைநீட்டி நிற்பவன் அல்லன். செயலின் உள்ளேயே இடம்பெற்றவன். அவன் இன்றேல் தானம் என்னும் வினையே முற்றுப் பெறாது.

பர்த்ருஹரி இதனை மேலும் விரித்து, ஏற்பவர் மூவகையர் என்றார். கேட்டுத் தூண்டிப் பெறுபவன் ஒருவன், யாசகனைப் போல. கொடுக்கும்போது இசைந்து ஏற்பவன் ஒருவன்; பசுவை ஏற்கும் ஆசாரியனைப் போல. கேட்பதும் இல்லாமல் மறுப்பதும் இல்லாமல் இருப்பவன் ஒருவன். நாம் இடும் அர்க்கியத்தை ஏற்கும் சூரியனைப் போல. மூவருமே ஸம்ப்ரதானம் ஆவர். நாமோ பெரும்பாலும் முதல் வகையினரையே ஏற்பவர் என எண்ணிப் பழகிவிட்டோம். கேட்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கிறது. மூன்று நாள் உலை வைக்காமலும், கேட்பார் முன் ‘சாப்பிட்டாயிற்று’ என்று சொல்லும் மானமுள்ள குடும்பத்துக்கு எதுவும் கிடைப்பதில்லை. கேளாதவனையும் ஏற்பவனாகக் காணும் கண்ணே ஆபத்துக் காலத்தில் வேண்டிய கண்.

ஸ்ரீமத் பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் தானம் மூன்று தரமாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றுள் மரியாதையின்றி, இகழ்ச்சியோடு கொடுப்பது தாமஸம் என்று தள்ளப்படுகிறது. பொருள் எவ்வளவாயினும் முறை கெட்டால் தரம் கெட்டது. தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில் கல்வி முடித்துச் செல்லும் மாணவனுக்கு ஆசாரியன் உபதேசிக்கும்போது, கொடுப்பவன் நாணத்தோடும் அச்சத்தோடும் கொடுக்க வேண்டும் என்னும் கருத்து வருகிறது. உலகில் ஏற்பவன் நாணுகிறான்; கொடுப்பவன் நிமிர்ந்து நிற்கிறான். உபநிஷத்தோ நாணத்தை எடுத்துக் கொடுப்பவன் பக்கத்தில் வைத்துவிட்டது! ஐந்து கிலோ அரிசிப்பையை ஒருவன் கையில் கொடுத்து, அவன் முகம் தெரியப் புகைப்படம் எடுத்துக்கொண்டவர்களை அந்நாட்களில் நாம் கண்டோம். இந்த ஒரு வாக்கியத்தை அவர்கள் சிந்தித்திருக்கலாம்.

அடியேனும் அந்நாட்களில் ஏற்பவர் வரிசையில் நின்றவனே. மாதச் சம்பளமின்றித் தட்டுக் காணிக்கையை நம்பியிருந்த அர்ச்சகர், பூசாரி முதலிய கோயில் பணியாளர்க்கு 2021 ஜூன் மாதம் அரசு 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் மளிகைப் பொருள்களும் வழங்கிற்று. வரிசையில் எனக்கு முன்னே முதிய நாதஸ்வர வித்துவான் ஒருவர். கொண்டுவந்த பையை மடித்து மேல்துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தார். அவர் முறை வந்தபோது, வழங்கிக்கொண்டிருந்த இளம் எழுத்தர் இருக்கையை விட்டு எழுந்தார். “ஐயா, புறப்பாடு தொடங்கியதும் உங்கள் மல்லாரியைக் கேட்கத்தான் காத்துக்கொண்டிருக்கிறோம்” என்றார். முதியவர் சிரித்துக்கொண்டே பையை விரித்து நீட்டினார். அரிசி அதே அரிசிதான். எடையும் அதே எடைதான். ஆனால் ஏற்பவன் ஒரு காரகம் என்பதைப் பாடசாலையில் பல ஆண்டுகள் படித்ததைவிட அன்று அந்த வரிசையில் தெளிவாக உணர்ந்தேன்.

மூன்று ஆக்ஷேபங்கள்

இனி, இதற்கு மாறாகக் கூறப்படுவனவற்றையும் ஆராய வேண்டும்.

முதலாவது, ‘அவரவர் துன்பம் அவரவர் வினைப்பயன், அதில் நாம் குறுக்கிடுவது எதற்கு?’ என்பது. ஆஸ்திகர் வாயிலிருந்தே இது வருவதால் இதற்கு விடை கூறுவது நம் கடமை. வினைக் கொள்கை தன் முகத்தைத் தான் பார்த்துக்கொள்வதற்குத் தரப்பட்ட கண்ணாடி. அதனைப் பிறர்மேல் வீசும் கல்லாக்கலாகாது. தவிரவும், அவனுடைய பசி அவன் வினை என்றால், அப்பசியைப் போக்கும் அரிசி அன்றைய தினம் உன் கையில் இருப்பது யார் வினை? அவனுடைய வினையை எண்ணிக்கொண்டிருக்கும் வேளையில் உன் வினையை நீ எழுதிக்கொண்டிருக்கிறாய். குடிமக்களுக்குத் துன்பம் நேர்ந்தால் அவர்களினும் மிகுதியாகத் தான் துன்புறுபவன் என்பது வால்மீகி பகவான் இராமபிரானுக்குக் கூறும் குணங்களுள் ஒன்று. ‘அநுகம்பா’ என்னும் வடசொல்லுக்கு இரக்கம் என்று பொருள் கூறுகிறோம். பகுத்துப் பார்த்தால், ஒருவர் நடுங்கும்போது உடன் நடுங்குதல் என்பதே அதன் பொருள். நடுங்குபவனைப் பார்த்துக் காரணம் விசாரிப்பது அநுகம்பா ஆகாது.

இரண்டாவது, ‘விலையின்றிக் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகள் ஆவர்’ என்பது. சாதாரண காலத்தில் இதனை வாதிட்டுப் பார்க்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் இது நிற்காது. வீட்டைவிட்டு வெளியே வராதே, வேலைக்குப் போகாதே என்று கட்டளையிட்டவர்கள் நாம். யாருடைய நன்மைக்காக? எல்லாருடைய நன்மைக்காகவும். கூலியாள் வீட்டில் அடங்கியிருந்ததனால் காப்பாற்றப்பட்டவர்களுள் செல்வந்தரும் உண்டு. ஆகவே அவனுக்குக் கொடுத்த அரிசி பிச்சையாகாது. அவன் நமக்காக இழந்த கூலியின் ஒரு பகுதி. கொடுத்தது கடனைத் திருப்பியது என்னும் எண்ணம் வந்துவிட்டால், கொடுப்பவன் தலையும் தானே தாழும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் கடினமானது. ‘இருப்பதே சிறிது, முதலில் நம்மவர், பிறகு அயலார்’ என்பது. தாய் தன் குழந்தைக்கு முதலில் ஊட்டுவதை எவரும் குறை கூறார். 2021 ஜனவரி 20 முதல் நம் தேசம் பூடான், மாலத்தீவு முதலிய நாடுகளுக்குத் தடுப்பூசி அனுப்பத் தொடங்கிற்று. இரண்டாம் அலையில் இங்கே பிராணவாயுவுக்கே மக்கள் தவித்தபோது அவ்வேற்றுமதி நின்றது. பின்னர் அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட நாட்களில் பிற நாடுகள் பல நமக்குப் பிராணவாயுக் கருவிகளை அனுப்பின. கொடுத்த கை ஏற்கும் கையாகவும், ஏற்ற கை கொடுக்கும் கையாகவும் ஓராண்டுக்குள் மாறிற்று. நம்மவர், அயலார் என்னும் கோடு அவ்வளவு உறுதியானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஸ்ரீமத் பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் ரந்திதேவன் என்னும் அரசனின் வரலாறு வருகிறது. 48 நாட்கள் உண்ணாதிருந்தபின் அவனுக்குச் சிறிது உணவும் நீரும் கிடைத்தன. ஒருவர்பின் ஒருவராக விருந்தினர் வந்தனர். வந்தவர் குலம் எது என்று அவன் பார்க்கவில்லை. உடன் வந்த நாய்களுக்கும் இட்டான். கடைசியில் எஞ்சிய நீரையும், தாழ்ந்தவன் என்று உலகம் ஒதுக்கிய ஒருவனுக்கு ஈந்தான். தனக்கு மோக்ஷமும் வேண்டா, உயிர்களின் துன்பத்தை உள்ளிருந்து தானே ஏற்று அவை துன்பம் நீங்கினால் போதும் என்பது அவன் பிரார்த்தனை. எல்லாரும் ரந்திதேவன் ஆக இயலாது. ஆகும்படி எவரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆனால் எத்திசை நோக்கி நடக்க வேண்டும் என்பதை அவன் காட்டுகிறான். ஒரு வேற்றுமையையும் கருத வேண்டும். பசித்தவர் ரந்திதேவனிடம் நடந்து வந்தனர். நம் காலத்துப் பசித்தவரால் வரத்தான் முடியவில்லை. ஆகவே நம் கடமை அவன் கடமையினும் ஒரு படி கூடுதல்.

எங்கோ ஓரிடத்து நோயைக் கவனியாது விட்டால் அது மீண்டும் நம்மிடமே வரும். ஆகையால் அயலார்க்கு உதவுக என்று அறிவியலார் கூறுவது உண்மையே. ஆனால் அது விவேகம். வராது என்று உறுதியாகத் தெரிந்தாலும் உதவுவதே தருமம். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பலமுறை நடந்து பெற்ற ரஹஸ்யத்தை, தனக்குக் கேடு வரினும் வருக என்று துணிந்து, எம்பெருமானார் அனைவர்க்கும் வெளியிட்டார் என்று குருபரம்பரை கூறுகிறது. காப்பாற்றும் பொருளைப் பூட்டி வைக்கலாகாது என்பதே அதன் கருத்து. 2020 அக்டோபர் 2ஆம் தேதி பாரதமும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில், நோய் தீரும்வரை இம்மருந்துகளின் காப்புரிமையைத் தளர்த்த வேண்டும் என்று கேட்டன. 2022 ஜூனில்தான் ஒரு முடிவு எட்டப்பட்டது. அதுவும் தடுப்பூசியளவில் சுருங்கிய முடிவு. காப்புரிமை இல்லையேல் ஆராய்ச்சிக்குச் செலவிடுவார் யார் என்று உற்பத்தியாளர் கேட்பதிலும் நியாயம் உண்டு. உழைத்தவனுக்கு ஊதியம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஊதியம் வேறு, பூட்டு வேறு. சாவு வாசலில் நிற்கும் ஆண்டில் பூட்டைத் திறந்துவிட்டுக் கணக்கைப் பின்னால் பார்ப்பதே முறை.

அடுத்த நோய் வருமுன்

2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இந்நோயின் அவசரநிலை முடிந்தது என அறிவித்தது. 2025 மே 20ஆம் தேதி, இனி வரும் பெருந்தொற்றுகளில் நாடுகள் ஒத்துழைப்பதற்கான உடன்படிக்கை ஒன்றினை உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது. அரசுகள் தம் கடமையைச் செய்யட்டும். ஊரும் கோயிலும் செய்ய வேண்டியது என்ன?

பெரிய காரியங்கள் வேண்டா. ஒவ்வோர் ஊரிலும் தனித்து வாழும் முதியோர், உடல் ஊனமுற்றோர், அட்டையில் பெயரில்லாதோர், அயலூரிலிருந்து கூலிக்கு வந்து தங்கியோர் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் ஒன்று இருக்கட்டும். ஆண்டுதோறும் அது திருத்தப்படட்டும். இன்னார் வீட்டுக்கு இன்னார் பொறுப்பு என்று அமைதிக் காலத்திலேயே குறித்துவைக்கட்டும். கொடுப்பதற்கு முன் அவர்கள் உண்பது எது என்று கேட்கட்டும். மலைமேல் சாமையை மீண்டும் விளைவிக்கும் முயற்சிகளுக்கு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாகத் துணைநின்று வருகிறது. அத்தானியத்தை நாம் நியாய விலைக்கு வாங்கி உண்பதும் ஒரு முன்னேற்பாடே. தன் குதிரில் தானியம் உள்ள மலை, அடுத்த ஊரடங்கில் கீழே பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

கொல்லிமலை ஏற்கும் மலை மட்டும் அன்று என்பதையும் மறக்கலாகாது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. இன்றும் ஆண்டுதோறும் ஆடியில் அவ்வள்ளலுக்கு அங்கே விழா எடுக்கின்றனர். ஆகாயகங்கையாக வீழும் ஐயாற்று நீர் சமவெளிக்கு இறங்குகிறது. நம் அடுக்களை மிளகும் நம் விருந்தின் பலாச்சுளையும் அங்கிருந்து இறங்கியவை. நெடுங்காலமாக இறங்கி வந்துகொண்டே இருப்பது மலை. ஆபத்துக் காலத்தில் ஒருமுறை ஏறிச் செல்லவேண்டியவர் நாம்.

இந்த உற்சவத்தில் எம்பெருமான் வாஹனமேறித் திருவீதியில் எழுந்தருளப் போகிறான். மூலவர் ஸந்நிதியில் இருக்க, உற்சவர் ஏன் வெளியே வருகிறார்? படியேற மாட்டாதவர்க்கும், படுக்கையை விட்டு எழ மாட்டாதவர்க்கும் ஸேவை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே என்று பெரியோர் கூறுவர். வீதியில் கடைசி வீடு வரை திருவடி செல்கிறது. புறப்பாடு கடந்து செல்லும்போது, கதவு திறவாத வீடு எது என்று ஒவ்வொருவரும் கவனியுங்கள். மறுநாள் காலை அந்த வாசலுக்குச் சென்று, நலமா என்று விசாரியுங்கள். உங்கள் பட்டியலின் முதல் பெயர் அங்கே கிடைக்கும்.

சுபம்.